எட்டங்குல இரும்பு

கடலோரப் பனித்திட்டில் என் பட்டறையில் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சம்மட்டியால் நான் அடித்த இரும்பு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுத வேண்டாம், நடந்தது நடந்துவிட்டது, விடு என்கிறாள் என் பெண்டாட்டி. அவள் பேச்சைக் கேட்கிற வழக்கம் எனக்கு முன்பே இருந்திருந்தால் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

நான் படகு எஞ்சின் மெக்கானிக். ஐடிஐ முடித்துவிட்டு திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷம் இருந்தேன். கனமான இரும்பு உருளைகளுக்கு நடுவில் நூல் பிசகாமல் துளை போடுகிற மெஷினில் வேலை. சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். சண்டையில் நியாயம் என் பக்கம்தான், ஆனால் அது இங்கே முக்கியமில்லை. அப்போதுதான் எங்கள் ஊரில் ஃபைபர் படகுகள் பெருகிக்கொண்டிருந்தன. படகுக்குப் பின்னால் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருக்கிற நீளமான சாஃப்ட் மணலில் இடித்து வளையும், விசிறி நசுங்கும். அதையெல்லாம் நிமிர்த்த ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்குப் பட்டறை இருந்தது, சாமானை வைத்து அடிக்கப் பட்டறைக்கல் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கடலில் கொஞ்ச தூரத்தில் ஒரு பாடு, அதாவது வலை போடுகிற இடம், இருக்கிறது. மீன் நன்றாகக் கிடைக்கும், ஆனால் அடியில் என்னவோ கிடந்து வலையைக் கிழிக்கும். கிழிச்ச பாடு என்றே அதற்குப் பெயர். அங்கே வலையில் இரும்பு மாட்டி மேலே வந்தால் அதைத் திரும்பக் கடலில் போடக்கூடாது என்பது ஊர் வழக்கம். இன்றைக்கு நீ போட்டால் நாளைக்கு அடுத்தவன் வலை கிழியும். எவ்வளவு கனமானாலும் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வந்த இரும்பு பட்டறைக்காரனுக்கு.

அப்படி வந்ததுதான் அது. கொண்டுவந்தவன் என் பக்கத்து வீட்டுப் படகுக்காரன். உறவில்லை, ஆனால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். வலையோடு கட்டி இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, "கப்பல் சாஃப்ட்டு ஒடைஞ்சு வுழுந்திருக்கு போல. வெச்சுக்க அண்ணே, உனக்கு உதவும்" என்றான். கிளிஞ்சல் ஒட்டி, துரு உப்பி, ஒன்றரை ஆள் எடையில் இருந்தது. ஒரு முனை கூம்பு, மறுமுனை தட்டை. சுரண்டிப் பார்த்தேன், தட்டையான முகம் குறுக்கே சரியாக எட்டு அங்குலம் இருந்தது. இவ்வளவு நல்ல இரும்பை நான் அதுவரை தொட்டதில்லை. கூம்பைக் கீழே விட்டு முழங்கால் உயரம் வெளியே தெரிகிற மாதிரி மணலில் புதைத்து, சுற்றிலும் காங்கிரீட் போட்டேன். தட்டை முகம் மேலே வந்தது. அடித்தால் கணீர் என்று சத்தம் வரும்.

அந்தத் தட்டை முகத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட மூடி, மரையில் முடுக்கியது. மூடியில் எதிரெதிராக இரண்டு சின்ன ஓட்டைகள். சாஃப்டில் மாட்டிக்கொண்ட இரும்புப் பின்னைத் தட்டி எடுக்க அந்த ஓட்டைகள் மாதிரி வசதி வேறு எதிலும் கிடையாது. ஓட்டைமேல் சாமானை வைத்து, பின்மேல் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி, பின் கீழே ஓட்டைக்குள் இறங்கிவிடும். உள்ளே என்ன இருக்கிறது பார்க்கலாமே என்று ஒருமுறை அந்த மூடியைக் கழற்றவும் முயன்றேன். கம்பியில் இரண்டு பல் வைத்து ஒரு சாவி செய்து, ஒரு நாள் முழுக்கத் தொங்கினேன். அசையவில்லை. எரிச்சலில் சாவியைத் தூக்கிக் கடலில் எறிந்தேன்.

சுனாமி வந்தபோது பட்டறை போயிற்று, லேத்து போயிற்று, ஊரில் பாதிக்கு மேல் போயிற்று. இது மட்டும் நட்ட இடத்தில் நின்றது. ஊரே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. சிலர் மஞ்சள் வைத்தார்கள். அலை மணலால் தேய்த்து, கிளிஞ்சலையும் துருவையும் உரித்துக்கொண்டு போயிருந்ததால், முகத்துக்கு ஒரு சாண் கீழே இரும்பைச் சுற்றி ஒரு பட்டை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பச்சை பூத்த செம்பு. கையில் காசில்லாத நேரம். உளியை வைத்து, சுற்றி உட்கார்ந்து அடித்து அடித்து, இரண்டு நாளில் அந்தச் செம்பைப் பெயர்த்தேன். பாகூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் பட்டறைக்குக் கூரை வாங்கினேன்.

எல்லாவற்றையும் போடவில்லை. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அலையைப் பார்த்ததிலிருந்து திடீர் திடீரென்று அலறுவாள். செப்புக் காப்பு போட்டால் பயம் தெளியும் என்றார்கள். அந்தச் செம்பிலிருந்து ஒரு கீற்று வெட்டி, விளிம்பை ராவி, கைக்கு அளவாக வளைத்துக் கொடுத்தேன். செம்பின் வெளிப்பக்கம் முழுக்கச் சீராகச் சாய்ந்த கோடுகள் ஓடின. அழகாக இருக்கிறதே என்று அதை அப்படியே விட்டேன். அவள் அந்தக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்குவாள். எழுந்தால் கன்னத்தில் சாய்ந்த கோடுகள் பதிந்திருக்கும். அலறுவது நின்றது.

அவள் காலேஜில் படிக்கும்போது செல்லிப்பட்டுப் பையனைப் பார்த்தாள். நிலபுலன் உள்ள குடும்பம், ஆற்றங்கரையில் கரும்பு, சொந்தமாக வெல்ல ஆலை. பையன் தங்கமானவன். அவன் அப்பா, என் சம்மந்தி, அப்படிச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கல்யாணத்தன்று எங்கள் ஆட்கள் உட்கார்ந்த வரிசைக்கு அவர் ஒருமுறைகூட வரவில்லை. நானும் அவர் வீட்டில் தண்ணீர் குடித்ததோடு சரி.

போன வருஷம் கடல் பட்டறையின் பின்சுவர்வரை வந்துவிட்டது. உள்ளே தள்ளி வேறு கொட்டகை போட்டேன். சாமான் ஏற்ற மாப்பிள்ளை டிராக்டர் கொண்டுவந்தான். காங்கிரீட்டை உடைத்து இரும்பைத் தோண்டி எடுத்ததும், "மாமா, இத்த நான் எடுத்துக்கட்டா? ஆலை அடுப்புல கொப்பரைக்கு முட்டு குடுக்கிற செங்கல்லு வருஷா வருஷம் சரிஞ்சு போவுது. இத்த படுக்க வெச்சா ஜென்மத்துக்கும் அசையாது" என்றான்.

எனக்கு மனசில்லை. மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? நாலு பேர் பிடித்து டிரெய்லரில் ஏற்றினோம். கடையில் புதுப் பட்டறைக்கல் வாங்கிப் போட்டேன். அதில் அடித்தால் தகரத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை மாப்பிள்ளைக்கு போன் போட்டு, அந்த இரும்பைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அற்பத்தனமாகக் கேட்டேன். இரண்டாவது தடவை போனை எடுத்தவர் சம்மந்தி. "பொண்ணுக்குப் போட்ட நகையையும் திருப்பிக் கேப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பிறகு நடந்ததற்கு இதுதான் பாதிக் காரணம்.

மார்கழியில் எனக்கு முழங்கால் ஆபரேஷன். கட்டிலை விட்டு இறங்க முடியாமல் போனைத் தவிர வேறு துணையில்லை. அதில் எப்படியோ பழைய போர்க்கப்பல் பீரங்கிகளில் போய் விழுந்தேன். பெண்டாட்டி சீரியல் பார்க்கிற நேரத்தில் நான் பீரங்கி பார்த்தேன். சண்டைமேல் ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. துளை போடுகிறவன் துளையைப் பார்த்தேன். அறுபது அடி நீளக் குழாய்க்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராகத் துளை போட்டிருக்கிறார்கள். நான் ஆறடிக்குத் தடுமாறியவன். பார்த்தால் ஆசையாக இருக்காதா?

முதல் உலகப்போர் முடிந்ததும் பெரிய நாடுகள் கூடி, போதும், இனிமேல் பீரங்கி இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றன. பெரிய கப்பலுக்குப் பதினாறு அங்குலம், அடுத்த ரகக் கப்பலுக்கு எட்டு அங்குலம். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட மறுநாளே எல்லாரும் பிசகாமல் எட்டு அங்குலத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். வாயகலத்துக்குத்தானே தடை? குழாயை நீட்டினார்கள், வெடிமருந்தைக் கூட்டினார்கள், குண்டின் எடையை ஏற்றினார்கள். நேற்றுவரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றவனுக்குத்தான் பயம் என்றால், இனி கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருப்பவனுக்கும் பயம். சமாதானப் பத்திரம் போட்டுவிட்டு இப்படி ஒரு வேலை. மனுஷனை நினைத்து நான் கட்டிலில் கிடந்து தனியாகச் சிரித்தேன்.

வேலைப்பாட்டைத்தான் சொல்லவேண்டும். முன்பெல்லாம் உள்குழாய்மேல் கிலோமீட்டர் கணக்கில் பட்டைக் கம்பி சுற்றி, அதன்மேல் வளையங்களைச் சூடாக்கி ஏற்றி இறுக்குவார்களாம். சாஃப்ட்மேல் புஷ் என்கிற வளையத்தை ஏற்ற நானும் அப்படித்தான் சூடாக்குவேன். பிறகு வேறு யோசனை வந்திருக்கிறது. குழாய்க்குள் அழுத்தத்தை ஏற்றி வேண்டுமென்றே அதைக் கொஞ்சம் விரியவிடுவது. உள்பக்க இரும்பு விரிந்தபடி நின்றுவிடும், வெளிப்பக்கம் சுருங்கி வந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கம்பியும் வேண்டாம், அத்தனை வளையமும் வேண்டாம். குழாயின் எடை குறைந்து பலம் கூடிவிட்டது. இதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்த பீரங்கித் தொழிற்சாலையில் நான் இருந்திருந்தால் இது எங்கே போய் யார்மேல் விழும் என்று ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டேன். துளை நேராக வந்ததா என்றுதான் கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கப்பல் பீரங்கி ஒற்றையாகச் சுடாது. ஒரு கூண்டுக்குள் இரண்டு, மூன்று, நாலு குழாய்கள். சேர்ந்தாற்போல் சுட்டால் ஒரு குண்டு கிளப்புகிற காற்றில் பக்கத்துக் குண்டு தடம் மாறுகிறது என்று, ஒன்றை மட்டும் கண் இமைக்கிற நேரம் தாமதித்து விடுவார்கள். அப்போதுதான் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாகப் போய் விழுமாம். இதையும் அன்றைக்கு வேலைப்பாடாகத்தான் ரசித்தேன்.

தை பிறந்து செல்லிப்பட்டில் அந்த வருஷத்து முதல் அடுப்பு மூட்டுகிற நாள் வந்தது. முந்தின நாளே என் பெண்டாட்டி பேரனைப் பார்க்கிற சாக்கில் போய்விட்டாள். எனக்குக் கால் சரியாகவில்லை என்று நான் போகவில்லை. சம்மந்தி கூப்பிட்ட லட்சணத்துக்கு அதுவே போதும் என்று நினைத்தேன். காலை ஒன்பது மணிக்குத் தனியாக உட்கார்ந்து டீயும் கையுமாக போனைத் திறந்தேன். வெளிநாட்டில் ஏதோ ஒரு காட்சிசாலை. ஒரு பெரியவர் எட்டு அங்குலக் குண்டு ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். கவசத்தைத் துளைக்கிற ரகம். கூம்பு எஃகைக் குத்தி உள்ளே நுழையும்வரை வெடிக்கக்கூடாது, நுழைந்தபிறகு வெடிக்கவேண்டும். அதனால் வெடிக்க வைக்கிற விசையை முன்னால் வைக்கமாட்டார்கள், பின்னால் வைப்பார்கள் என்று சொல்லி, குண்டைச் சாய்த்து அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார்.

வட்ட மூடி. எதிரெதிராக இரண்டு ஓட்டைகள்.

டீ என் மடியில் கொட்டியது. ஆபரேஷன் செய்த காலில் கொட்டியும் எனக்குச் சுடவில்லை.

உள்ளே மருந்தில்லாத வெறும் இரும்பாகவும் இருக்கலாம், சுடாமலே கடலில் தள்ளிவிட்டதாகவும் இருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். போனில் அந்தப் பெரியவர் விடவில்லை. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுற்றியிருந்த செம்புப் பட்டையை விரலால் தடவினார். பீரங்கிக் குழாயின் உள்ளே திருகுத் திருகாக வரிகள் வெட்டியிருக்கும், செம்பு மிருதுவானதால் அந்த வரிகள் செம்பில் பதிந்து குண்டைச் சுழலவைக்கும் என்றார். பட்டை வழவழப்பாக இருந்தால் அந்தக் குண்டு சுடப்படாதது, வெடிக்க வைக்கிற விசையின் பூட்டு திறக்காதது. சாய்ந்த கோடுகள் இருந்தால் அது சுடப்பட்டது. சுடப்பட்டும் வெடிக்காமல் இருந்தால் பூட்டு திறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம், பக்கத்தில் போகாதீர்கள் என்றார்.

மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. மகள் எடுத்தாள்.

"இன்னாப்பா, சாப்ட்டியா?"

"அடுப்பு மூட்டியாச்சா?"

"மூட்டி அரை மணி நேரம் ஆவுது. சாறு ஊத்தியாச்சு. மாமா கற்பூரம் ஏத்தி..."

"உன் செப்புக் காப்பு எங்க?"

"புள்ள கையில கீது. இப்பதான் தூங்கி எழுந்தான். கைய கன்னத்துல வெச்சுகினே தூங்கியிருக்கான். கன்னமெல்லாம் கோடு."

"எப்பிடிக் கோடு? நேராவா, சாஞ்சா?"

"சாஞ்சுதான். இன்னாப்பா நீ, ஒரு மாதிரி பேசற?"

சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்த இரும்பு கப்பல் குண்டு, சுட்ட குண்டு, நெருப்பை அணை, அம்மாவையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைப் பக்கம் ஓடு என்று கத்தியிருப்பேன். அவள் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"சம்மந்தி, உங்க இரும்பு உங்களுக்கு வேணும்னா நாளைக்கே வண்டில ஏத்தி அனுப்பறேன். நல்ல நாள் அதுவுமா இன்னா பேச்சு இது? எங்க தாத்தா காலத்துலேர்ந்து மொத வெல்ல அச்சு எறங்காம இந்த அடுப்பு அணைஞ்சதில்ல. தெரிஞ்சுக்குங்க."

"சம்மந்தி, உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன். வெளிய வந்துடுங்க, அப்பறம் என்னை எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க."

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். அணைத்து வைத்திருப்பதாக போன் சொன்னது.

வண்டியை எடுத்தேன். டாக்டர் ஆறு வாரம் மடக்கக்கூடாது என்ற காலால்தான் கியர் மாற்றினேன். பாகூர் தாண்டி, வில்லியனூர் தாண்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரம். நடுவில் எங்கள் யூனியன் பிரதேச எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து திரும்ப நம் பக்கம் வருகிற இடங்களில் எல்லாம் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்நேரமும் மேற்கே ஒரு சத்தம் கேட்கும் என்று காது அங்கேயே இருந்தது. வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு லாரியின் பின்கதவைத் தடாலென்று சாத்தினார்கள், அந்தச் சத்தத்தில் நான் வண்டியை விட்டுவிட்டேன். விழுந்தவனைத் தூக்கிவிட்டவர்கள் குடித்திருக்கிறானா என்று மோந்து பார்த்தார்கள். சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்து, அந்தப் பக்கம் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்?

செல்லிப்பட்டில் ஆலைப் பக்கம் திரும்பியதும் புகை தெரியவில்லை. சர்க்கரை தீய்ந்த நாற்றம் மட்டும் வந்தது. கொல்லையின் மறுகோடியில் ஆலை வேலைக்காரர்கள், மகள், மாப்பிள்ளை, என் பெண்டாட்டி, அவள் இடுப்பில் பேரன், எல்லாரும் கூட்டமாக நின்றிருந்தார்கள். உயிர் வந்தது.

என் மகள் செய்த காரியத்தைப் பெண்டாட்டி சொன்னாள். மாமனார் போனை வாங்கி வைத்ததும் அவள் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தொட்டியிலிருந்து பச்சைச் சாற்றை வாளி வாளியாக மொண்டு அடுப்பு வாயில் ஊற்றிவிட்டாள். ஊர் பார்க்க, பூஜை போட்ட அடுப்பு அணைந்தது. மாமனார் கையை ஓங்கியிருக்கிறார், மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றிருக்கிறான். அப்பா வேறு எதில் விளையாடினாலும் இரும்பில் விளையாட மாட்டார் என்று அவள் மாமனாரிடம் சொன்னாளாம். காய்கிற குண்டின்மேல் சில்லென்று சாறு ஊற்றியதும் ஆபத்தான வேலைதான் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

சம்மந்தி மட்டும் கொல்லைக்கு வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெடிக்கட்டும், பார்க்கிறேன் என்கிற உட்கார்வு. நான் நொண்டிக்கொண்டு போய் அடுப்பு வாயில் மண்டியிட்டேன். பூசியிருந்த மண் பாதி பெயர்ந்து, படுக்கவைத்த இரும்பின் தட்டை முகம் வாய்ப்பக்கம் தெரிந்தது. சூடு முகத்தில் அடித்தது. இருபத்தைந்து வருஷம் தினமும் பார்த்த முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். போனில் அந்தப் படத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், குனிந்து அடுப்பைப் பார்த்தார், இரண்டு ஓட்டைகளையும் பார்த்தார். நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தி எழுந்தார். "சம்மந்தி, வாங்க" என்று என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

போலீஸ் வந்தது. மறுநாள் வெளியூரிலிருந்து வெடிகுண்டு ஆட்கள் வந்தார்கள். ஆற்றுக்குள் ஆளில்லாத மணலில் குழி தோண்டி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வெடிக்கவைத்தார்கள். நாங்கள் ரொம்ப தூரத்தில் நின்றோம். முதலில் காலுக்கு அடியில் தரை உதைத்தது, பிறகுதான் சத்தம் வந்தது. பேரன் அழவில்லை, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். போய்ப் பார்த்தபோது அந்தக் குழியில் எங்கள் பழைய பட்டறையையே இறக்கி வைக்கலாம் போலிருந்தது. நுழைந்த பிறகு ஒரு இமைப்பொழுது பொறுத்து வெடி என்று சொல்லி அனுப்பிய குண்டு, என் மகள் வளர்ந்து அவளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை பொறுத்திருக்கிறது. எந்தக் கப்பல் சுட்டது, யார்மேல் சுட்டது, போரா பயிற்சியா, யாருக்கும் தெரியவில்லை.

நான் சொல்லத் தயங்குகிற இடம் இனிமேல்தான் வருகிறது.

இது எங்கே கிடைத்தது என்று போலீஸ்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்மந்தி, "ஆத்து மணல்ல கெடைச்சுதுங்க, வெள்ளம் வந்தப்ப" என்றார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். என்மேல் கேஸ் வரும், பனித்திட்டுக்குப் போலீஸ் வரும், கடலைத் தேடி முடிக்கும்வரை படகு இறங்கக்கூடாது என்பார்கள், ஊர் பஞ்சாயத்து என்னைக் கூப்பிட்டு நிற்கவைக்கும். இத்தனையும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் மகள் என்னைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஊருக்கு வந்தும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. செல்லிப்பட்டில் ஆற்று மணலில் குண்டு எடுத்தார்களாமே என்று டீக்கடையில் பேசினார்கள், ஆமாம் என்றேன். கீழே கிடப்பது ஒன்றாக இருக்காது என்று எனக்குத் தெரியும். கூண்டுக்குள் எத்தனை குழாய் என்று போனில் எண்ணிப் பார்த்தவன் நான். தினமும் விடிகிற நேரத்தில் கரையில் நின்று படகுகள் இறங்குவதைப் பார்ப்பேன். கிழிச்ச பாட்டில் இப்போது மீன் இல்லையாம், தெற்கே போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பட்டறைக்காரன் மீன் சொல்ல வந்துட்டான்டா என்று சிரித்தார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். எங்கள் ஊரில் இரும்பைத் திரும்பக் கடலில் போடுகிறவனை ஒதுக்கி வைப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நான் செய்ததும் அதுதான். அது தெரிந்தேதான் தினமும் சோறு தின்றேன், தூங்கினேன்.

பங்குனியில் ஒரு நாள் காலை, புதுக் கொட்டகையில் உட்கார்ந்து எஞ்சின் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மீன்பாடி வண்டியின் சத்தமும் சிரிப்பும் கேட்டன. பக்கத்து வீட்டுப் படகுக்காரன் வண்டியை ஓட்டிவர, பின்னால் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணே, கண்ண மூடு" என்றான். "கடைக்கல்லுல அடிச்சா தகரம் மாதிரி கீதுன்னு பொலம்பிகினே இருந்தியே. இந்தா, பழசுக்குத் தம்பி. நேத்து கிழிச்ச பாட்டுல மாட்டுச்சு. விட்டுட்டா வருவோம்?"

சாக்கை இழுத்தான். கூம்பு, கிளிஞ்சல், துரு. தட்டை முகத்துக்கு ஒரு சாண் கீழே பச்சை பூத்த செம்புப் பட்டை, முழுசாக. அதில் சாய்ந்த கோடுகள்.

"எறக்காதீங்கடா" என்றேன். அவர்கள் கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி உருட்டிவிட்டார்கள். அது கொட்டகை வாசலில் என் காலுக்கு முன்னால் தொம்மென்று விழுந்து, ஒரு புரள் புரண்டு நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவன் என் சம்மட்டியை எடுத்து ஓங்கினான்.

"ஒரு தட்டு தட்டிப் பாக்கறேன், சத்தம் எப்பிடி கீதுன்னு."

நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன். தையல் போட்ட முழங்கால் மடங்கி இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறைக்கல், காப்பு, அடுப்பு, ஆற்று மணலில் போட்ட குழி. முதலில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். அவன் மட்டும் நகரவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும் அண்ணே?" என்று கேட்டான்.

"தை மாசத்துலேர்ந்து."

அவன் எழுந்து கடல் பக்கம் திரும்பினான். வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் நாலைந்து படகுகள் தெரிந்தன.

"என் பெரிய புள்ள இப்ப அங்கதான் வலை போட்டுகினு கீறான்" என்றான்.